சிவப்பு மூன்று நிமிடங்கள்

என் மேசைக்கு நேர் மேலே ஒரு கப்பல் கடிகாரம் மாட்டியிருக்கிறேன். பித்தளை வளையம், வெள்ளை முகம், தடித்த கறுப்பு முட்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் மணி பார்ப்பதற்கு முன் அதிலிருக்கும் வண்ணங்களைப் பற்றித்தான் கேட்பார்கள். 15-ஆவது நிமிடத்திலிருந்து 18-ஆவது நிமிடம் வரை ஒரு சிவப்புத் துண்டு. 45-இலிருந்து 48 வரை இன்னொன்று. மணி தொடங்கும் இடத்திலும் அரை மணியிலும் பச்சைத் துண்டுகள்.

கப்பலின் ரேடியோ அறைக்கென்றே செய்த கடிகாரம் அது. குறுகிய ஒலியாலும் நீண்ட ஒலியாலும் எழுத்துகளை அனுப்பும் மோர்ஸ் முறையின் காலத்தில் 500 கிலோஹெர்ட்ஸ் என்பது கடலின் பொது அலைவரிசை. ஆபத்தில் இருக்கும் கப்பல் எஸ்.ஓ.எஸ். அனுப்புவதும் அதில்தான், கரை நிலையத்தைக் கூப்பிடுவதும் அதில்தான். எந்நேரமும் சந்தைக் கூச்சல். அதனால் ஒரு விதி வைத்தார்கள். நிமிட முள் சிவப்பைத் தொட்டதும், எந்தக் கடலில் இருந்தாலும் சரி, எல்லா ஆபரேட்டர்களும் மோர்ஸ் அடிக்கும் கீயிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும். மூன்று நிமிடம் யாரும் அனுப்பக் கூடாது, எல்லாரும் கேட்க வேண்டும். பேட்டரி இறங்கிப்போய் முனகிக்கொண்டிருக்கும் ஏதோ ஒரு கப்பலின் குரல் அப்போதாவது யார் காதிலாவது விழட்டும் என்பதற்காக. பச்சைத் துண்டுகள், குரலில் பேசும் 2182 கிலோஹெர்ட்ஸுக்கு உரியவை. மணிக்கு 6 நிமிடம் என்றால் ஒரு நாளைக்கு 2 மணி 24 நிமிடம். அவ்வளவு நேரம் கடல் முழுவதும் வாயை மூடிக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. மனிதர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடுகளில் இதைவிட அழகானது ஒன்றை நான் கண்டதில்லை.

1977-இல் எனக்கு 12 வயது. எதிர்வீட்டு மாமா கப்பல் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்து, மாடியில் ஒரு சிறிய அறையை ரேடியோ அறையாக்கிக்கொண்டிருந்தார். வாழ்நாளில் பாதியைக் கடலில் ரேடியோ அதிகாரியாகக் கழித்தவர். ஜன்னல் வழியே வரும் விசில் போன்ற ஒலியைக் கேட்டு நானாகத்தான் படியேறிப் போனேன். “உட்கார் தம்பி” என்றார். ஹெட்போனின் ஒரு காதை என்னிடம் கொடுத்தார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. முதலில் மழை பெய்வது போன்ற இரைச்சல். அதற்குள் எங்கோ ஆழத்தில், கொசுவின் ரீங்காரம் போல ஒரு மெல்லிய கீச்சொலி, விட்டு விட்டு. கொஞ்ச நேரத்தில் அது ஒன்றல்ல, மூன்று என்று தெரிந்தது. அதற்கும் கீழே நான்காவதாக ஒன்று இருந்தது. எவ்வளவு கூர்ந்து கேட்டேனோ அவ்வளவு ஆழம் போய்க்கொண்டே இருந்தது. அன்று கீழே இறங்கி வந்தவன் மனத்தளவில் இன்றுவரை இறங்கவில்லை.

மோர்ஸ் கற்றுத் தருவதில் மாமாவுக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. புள்ளியும் கோடும் போட்ட அட்டவணையை நான் ஒரு புத்தகத்திலிருந்து பார்த்து எழுதிக்கொண்டு போயிருந்தேன். அதை வாங்கி மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “இது கண்ணுக்கான பாடம் இல்லை. புள்ளி என்று சொல்லாதே, டிட் என்று சொல். கோடு என்று சொல்லாதே, டா என்று சொல்.” பிறகு எனக்குத் தெரிந்த இலக்கணத்திலிருந்தே தொடங்கினார். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. இங்கே டிட்டுக்கு ஒரு மாத்திரை, டாவுக்கு மூன்று. ஓர் எழுத்துக்குள் ஒலிகளுக்கு இடையே விடும் மௌனம் ஒரு மாத்திரை, எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையே மூன்று, சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே ஏழு. மௌனத்துக்கும் அளவு உண்டு என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. மோர்ஸ் வேகத்தை அளப்பதற்குப் ‘பாரிஸ்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வார்கள். பின்னால் வரும் இடைவெளியையும் சேர்த்தால் அது சரியாக 50 மாத்திரை. நிமிடத்துக்கு 12 சொல் என்ற வேகத்தில் ஒரு டிட், நொடியில் பத்தில் ஒரு பங்கு. கண்ணிமைப்பதை விடக் குறைவான நேரம். அதற்குள் காது அதைப் பிடித்து, அடுத்ததோடு சேர்த்து, எழுத்தாக்கிவிடுகிறது. எண்ணினால் வராது. நான்கு மாதம் எண்ணிப் பார்த்துத் தோற்றேன். ஒரு நாள் மாலை, பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது, மாமா முந்தின நாள் அனுப்பிய வரி தானாக மனத்துக்குள் ஓடியது. டாடிட்டாடிட் என்பது ‘சி’யாகவே கேட்டது. அதைப் பிரித்துப் பார்க்க முயன்றேன், பிரிக்க முடியவில்லை.

இந்தக் கடிகாரம் அப்போது மாமாவின் அறையில் இருந்தது. பாடத்தின் நடுவே முள் சிவப்பைத் தொட்டுவிட்டால் மாமா கையை எடுத்துவிடுவார். 500 கிலோஹெர்ட்ஸ் கேட்கும் கருவி அந்த அறையில் இல்லை. கேட்கக் கடமையும் இல்லை. ஆனாலும் எடுத்துவிடுவார். “கையை எடு” என்று என்னிடமும் சொல்வார். மூன்று நிமிடம் இருவரும் சும்மா உட்கார்ந்திருப்போம். முதல் சில வாரங்கள் எனக்கு அது தவிப்பாக இருந்தது. பிறகு அந்த மூன்று நிமிடத்துக்காகவே காத்திருக்க ஆரம்பித்தேன்.

ஒருமுறை அந்த மௌனத்துக்குப் பின் டைட்டானிக்கைப் பற்றிச் சொன்னார். 1912 ஏப்ரல் 14 இரவு. அருகில் கலிஃபோர்னியன் என்ற கப்பல் பனிக்கட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தது. அதில் இருந்தவர் ஒரே ஒரு ரேடியோ ஆபரேட்டர். நாளெல்லாம் வேலை பார்த்துவிட்டு இரவு பதினொன்றரை மணியளவில் கருவியை நிறுத்திவிட்டுப் படுத்துவிட்டார். டைட்டானிக் பனிமலையில் மோதியது 11.40-க்கு. இன்னும் தொலைவில் இருந்த கார்பேத்தியா என்ற கப்பலின் ஆபரேட்டரும் படுக்கத் தயாராகிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் ஹெட்போனைக் கழற்றியிருக்கவில்லை. 700-க்கும் மேற்பட்டவர்கள் உயிர் பிழைத்ததற்கு அந்த ஹெட்போன் ஒரு காரணம். 1,500-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதன் பிறகுதான் கப்பல்களில் இரவும் பகலும் இடைவிடாமல் காது கொடுக்க ஆள் இருக்க வேண்டும் என்ற விதி வந்தது.

அதே 1912-இல் அமெரிக்காவில் வந்த ரேடியோ சட்டம், தொழிலாக அல்லாமல் ஆர்வத்துக்காக ரேடியோ இயக்கும் அமெச்சூர்களை ஒரு மூலைக்குத் தள்ளியது. 200 மீட்டரும் அதற்குக் குறைந்த அலைநீளங்களும் உங்களுக்கு, மற்றவை எங்களுக்கு என்றது அரசு. அலை எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம் போகும் என்று எல்லாரும் நம்பிய காலம் அது. சிற்றலைகள் எதற்கும் உதவாத தரிசு என்று எண்ணித்தான் கொடுத்தார்கள். அந்தத் தரிசில்தான் புதையல் இருந்தது. 1921 டிசம்பரில் பால் காட்லி என்ற அமெரிக்க அமெச்சூர் ஸ்காட்லாந்தின் ஆர்ட்ராசனில், கடற்கரை ஓரம் ஒரு கூடாரம் போட்டு, குளிரிலும் ஈரத்திலும் இரவிரவாக உட்கார்ந்து கேட்டார். அட்லாண்டிக்குக்கு அப்பாலிருந்து அமெச்சூர்கள் அனுப்பிய குறிகள் அவருக்குக் கேட்டன. ஒன்றிரண்டு அல்ல, 20-க்கும் மேற்பட்ட நிலையங்கள். 1923 நவம்பரில் பிரான்சின் லியோன் தெலுவாவும் அமெரிக்காவின் ஃப்ரெட் ஷ்னெல்லும் 100 மீட்டரை ஒட்டிய அலைநீளத்தில் இருபுறமும் உரையாடிவிட்டார்கள். அடுத்த அக்டோபரில் லண்டன் பள்ளி மாணவர் செசில் கோய்டரும் நியூசிலாந்தின் ஃப்ராங்க் பெல்லும் பேசினார்கள். உலக உருண்டையில் அதற்கு மேல் விலகிப் போக அதிக இடமில்லை. 1925-இல் பாரிசில் கூடி, சர்வதேச அமெச்சூர் ரேடியோ ஒன்றியத்தைத் தொடங்கினார்கள். அந்த ஏப்ரல் 18-தான் இன்று உலக அமெச்சூர் ரேடியோ நாள்.

ஒரு பள்ளி மாணவனின் கருவி எப்படி உலகின் மறுகோடிக்குப் போனது? தலைக்கு மேலே இருக்கும் அயனி மண்டலம்தான் காரணம். சூரியனின் புற ஊதாக் கதிர்கள் காற்றின் மேலடுக்குகளில் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்து எடுக்கின்றன. அந்த எலக்ட்ரான் படலம் சிற்றலைகளை வளைத்துத் திரும்பத் தரைக்கு அனுப்புகிறது. தரையும் கடலும் மறுபடி மேலே அனுப்புகின்றன. இப்படித் தத்தித் தத்தி அலை உலகைச் சுற்றுகிறது. இதில் ‘டி’ எனப்படும் கீழடுக்கு பகலில் மட்டும் இருக்கும். 40 மீட்டர், 80 மீட்டர் அலைகளை விழுங்கிவிடும். சூரியன் மறைந்ததும் அது கரைந்துவிடும்.

புத்தகத்தில் படித்தால் இது இயற்பியல். அந்தி நேரத்தில் 40 மீட்டரில் உட்கார்ந்து கேட்டால் வேறொன்று. நான் இதை எத்தனை ஆயிரம் முறை கேட்டிருப்பேன் என்று தெரியாது, இன்றும் அலுக்கவில்லை. பகலில் அருகிலிருப்பவர்களின் பேச்சு மட்டும் தடித்துக் கேட்கும். வெளிச்சம் மங்க மங்க அவர்கள் ஒவ்வொருவராகத் தேய்வார்கள். இரைச்சலின் நிறமே மாறும். பிறகு இருட்டிய திசையிலிருந்து முதல் தொலைதூரக் குறி எழும்பி வரும், தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல லேசாக நடுங்கிக்கொண்டு. துருவப் பகுதிகளைத் தாண்டி வரும் குறியில் ஒரு தனிப் படபடப்பு இருக்கும். பட்டாம்பூச்சியின் இறக்கையை வெளிச்சத்தில் பிடித்தது போல. பழகிய காதுக்கு, நிலையத்தின் பெயரான அழைப்புக்குறி விழும் முன்பே, எந்த வழியாக வருகிறது என்று தெரிந்துவிடும்.

1983-இல் தேர்வு எழுதி உரிமம் பெற்றேன். அதுவரை ஆறு ஆண்டுகள் கேட்டுக்கொண்டு மட்டுமே இருந்தேன். அந்த ஆறு ஆண்டுகளை நான் வீணான காத்திருப்பாக நினைக்கவில்லை. இன்று உரிமம் பெற்ற மறுநாளே மைக்கைப் பிடிப்பவர்களிடம் நான் சொல்லும் ஒரே புத்திமதி, முதலில் ஓராண்டு கேளுங்கள் என்பதுதான்.

ஆன்டெனா கட்டிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. 143-ஐ மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் அரை அலை டைபோல் என்ற கம்பி ஆன்டெனாவின் நீளம் மீட்டரில் கிடைக்கும். 7.05-க்கு 20.28 மீட்டர். நடுவில் வெட்டினால் பக்கத்துக்கு 10.14. நானும் மாமாவும் செம்புக் கம்பியைத் தரையில் நீட்டி அளந்தோம். “கூடுதலாக விட்டு வெட்டு தம்பி. குறைக்கலாம், வளர்க்க முடியாது” என்றார். இரண்டு கம்பங்களுக்கு இடையே ஏற்றிக் கட்டினோம். ஆன்டெனா சரியாகப் பொருந்துகிறதா என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் 2.4 காட்டியது, ஒன்றை நெருங்க நெருங்க நல்லது. இறக்கினோம். இரு முனையிலும் ஐந்து சென்டிமீட்டர் மடித்து முறுக்கினோம். ஏற்றினோம். 1.9. மறுபடி இறக்கினோம். ஐந்தாவது முறை ஏற்றியபோது வெயில் சாய்ந்துவிட்டது, கயிறு இழுத்து உள்ளங்கை கன்றியிருந்தது. ஊசி 1.2-இல் நின்றது. அந்தக் கம்பி காற்றில் அசைந்தபடி வானத்துக்கு எதிரே ஒரு கோடாகத் தெரிந்ததை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். அதன் நீளம் இனி வெறும் நீளம் இல்லை, ஓர் அலையின் பாதி.

என் டிரான்ஸ்மிட்டர் நானே கட்டியது. மூன்று வாட். அலைவரிசையைத் தீர்மானிக்கும் படிகம் ஒன்றே ஒன்று இருந்ததால் ஒரே அலைவரிசைதான், நான் யாரிடமும் போக முடியாது, யாராவது என்னிடம் வர வேண்டும். முதல் இரவு 40 நிமிடம் சி.க்யூ. கொடுத்தேன். ‘யார் இருந்தாலும் வாருங்கள்’ என்று பொருள். யாரும் வரவில்லை. கீயின் குமிழில் விரல்கள் வியர்த்து வழுக்கின. நிறுத்திவிடலாம் என்று நினைத்தபோது, இரைச்சலுக்குள் யாரோ என் அழைப்புக்குறியை அடித்தார்கள். அதை நானே ஆயிரம் முறை பழகியிருக்கிறேன். ஆனால் இன்னொருவர் கையால் அது வந்தபோது எனக்குப் புரியவில்லை. மூன்றாவது முறை அடித்தபோதுதான் அது நான் என்று உறைத்தது. என் கை நடுங்கியது அவருக்கு அங்கே கேட்டிருக்கும், ஏனென்றால் கீயில் எதையும் மறைக்க முடியாது. அவர் தன் வேகத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். நான் கேட்காமலே குறைத்தார். எழுத்துகளுக்கு நடுவே எனக்காக இடம் விட்டு, 449 என்று என் ஒலிக்கு மதிப்பெண் கொடுத்து, தன் பெயரையும் இடத்தையும் இரண்டிரண்டு முறை சொல்லி, 73 என்று வாழ்த்தி முடித்தார். ஏழு மாதம் கழித்து அவருடைய க்யூ.எஸ்.எல். அட்டை வந்தது. தொடர்பை உறுதிசெய்யும் அஞ்சலட்டை அது. மூலையில் நீல மையில் ‘பொறுமையாகப் போ, நன்றாக வருகிறாய்’ என்ற பொருளில் ஒரு வரி. அன்று முதல், தடுமாறும் கை ஒன்றைக் கேட்டால் என் கை தானாக மெதுவாகிவிடும். அவர் எனக்கு விட்ட இடத்தை நான் யாருக்காவது விட வேண்டும் அல்லவா.

இத்தனை ஆண்டுகளில் இந்தக் கலையின் வரலாற்றைத் தேடித் தேடிப் படித்ததில், என்னை நெகிழ வைத்தவர்கள் எல்லாரும் கேட்டவர்களாகவே இருக்கிறார்கள். 1928 மே 25 அன்று, உம்பர்ட்டோ நோபிலேயின் இத்தாலியா என்ற வான்கப்பல் வட துருவத்துக்குப் போய்த் திரும்பும் வழியில் பனியில் விழுந்தது. பிழைத்தவர்களில் ஒருவரான பியாஜி என்ற ஆபரேட்டர் கையடக்கச் சிற்றலைக் கருவியில் நாள்தோறும் எஸ்.ஓ.எஸ். அனுப்பினார். அதைக் கேட்கவென்றே நிறுத்தியிருந்த துணைக்கப்பலுக்கு அது எட்டவில்லை. ஜூன் 3 அன்று ரஷ்யாவில், ஒரு சிற்றூரில், நிகோலாய் ஷ்மிட் என்ற இளைஞர் சொந்தமாகச் செய்த ரிசீவரில் அதைப் பிடித்தார். சிற்றலை இப்படித்தான், பக்கத்தில் இருப்பவனைத் தாண்டிக் குதித்துத் தொலைவில் இருப்பவன் மடியில் போய் விழும். அவர் கேட்ட பிறகுதான், பனிக்கட்டி மேல் சிவப்புக் கூடாரத்தில் சிலர் உயிரோடு இருப்பது உலகுக்குத் தெரிந்தது. ஜூலையில் கிராசின் என்ற பனி உடைப்புக் கப்பல் அங்கே எஞ்சியிருந்தவர்களை மீட்டது.

இன்னொருவர் குரோட் ரீபர். ஹாம் ஆபரேட்டர், அதாவது அமெச்சூர்; ரேடியோ பொறியாளர். விண்வெளியிலிருந்து ரேடியோ அலைகள் வருகின்றன என்று 1930-களின் தொடக்கத்தில் கார்ல் ஜான்ஸ்கி கண்டுபிடித்திருந்தார். வானியலாளர்கள் யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ரீபர் 1937-இல் இல்லினாய் மாநிலத்தின் வீட்டனில், தன் வீட்டுப் பக்கத்தில் ஏறத்தாழ 9.5 மீட்டர் அகலக் கிண்ண ஆன்டெனாவைத் தன் கைப்பணத்தில் கட்டினார். 3,300 மெகாஹெர்ட்ஸில் கேட்டார், ஒன்றுமில்லை. 900-இல் கேட்டார், ஒன்றுமில்லை. கருவியை மறுபடி கட்டி 160-இல் கேட்டபோது பால்வெளி பேசியது. பகலில் கார்களின் எஞ்சின் பொறிகள் கெடுத்ததால் இரவில் விழித்திருந்து அளந்தார். கிட்டத்தட்டப் பத்தாண்டு காலம் உலகில் அந்த வேலையைச் செய்தவர் அவர் ஒருவர்தான். இரண்டு முறை ஒன்றும் கேட்காமல், மூன்றாவது முறையும் உட்கார்ந்தாரே, அந்த இடத்தில் நான் அவரை வணங்குகிறேன்.

நம் நினைவுக்கு எட்டிய காலத்தில் 2004 டிசம்பர். பாரதி பிரசாத் தலைமையில் ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனக் குழு போர்ட் பிளேரிலிருந்து ஒலித்துக்கொண்டிருந்தது. பல ஆண்டுகளுக்குப் பின் அந்தமானிலிருந்து கேட்ட ஹாம் குரல் என்பதால் உலகமே வரிசையில் நின்றது. நானும் நின்றேன், நெரிசலில் இடம் கிடைக்கவில்லை. 26-ஆம் தேதி சுனாமி. தொலைபேசி இணைப்புகள் துண்டித்துப் போயின. அதே ஆன்டெனா, அதே கருவி, அன்று முதல் உயிரோடு இருப்பவர்களின் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தது. அதுவரை முண்டியடித்த ஆயிரக்கணக்கான நிலையங்கள் ஒதுங்கிக்கொண்டு கேட்டன. 14 மெகாஹெர்ட்ஸில் அந்த ஒதுங்கலை நான் கேட்டேன். மாமாவின் கடிகாரத்துக்கு வெளியே நான் கண்ட சிவப்பு நிமிடங்கள் அவை.

இப்போது அலைவரிசைகள் அழுக்காகிவிட்டன. இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒவ்வொரு சார்ஜரும், ஒவ்வொரு மலிவான எல்.இ.டி. விளக்கும் ஒரு குட்டி டிரான்ஸ்மிட்டர் போலச் சீறுகிறது. 1977-இல் நான்காவது அடுக்கு வரை கேட்ட காதுக்கு இன்று இரண்டாவது அடுக்கோடு கதவு சாத்திவிடுகிறது. மின்சாரம் நின்றுபோகும் இரவுகளில் பேட்டரியில் ரிசீவரை ஓட்டிக் கேட்பேன். பழைய வானம் அப்படியே இருக்கிறது.

இந்த இரைச்சலுக்கு ஒரு பதில், கணினி வழியே குறிகளை அனுப்பிப் பெறும் எஃப்.டி.8 என்ற முறை. ஜோ டெய்லர் இளம் வயதிலேயே ஹாம். துணையோடு சுற்றும் பல்சர் என்ற ரேடியோ துடிப்பு விண்மீனைக் கண்டுபிடித்ததற்காக ரசல் ஹல்ஸுடன் சேர்ந்து 1993-இல் இயற்பியல் நோபல் பெற்றவர். இரைச்சலுக்குள் புதைந்த குறியைத் தோண்டியெடுப்பது அவருக்குத் தொழில். 2017-இல் ஸ்டீவ் ஃப்ராங்குடன் சேர்ந்து அவர் தந்த எஃப்.டி.8, 15 நொடித் துண்டுகளாகப் பேசும், வெறும் 50 ஹெர்ட்ஸ் இடம் எடுக்கும், மனிதக் காதுக்கு ஒன்றுமே இல்லை என்று தோன்றும் இடத்திலிருந்து அழைப்புக்குறியை எடுத்துத் திரையில் காட்டும். பெரிய ஆன்டெனா கட்ட இடமில்லாதவர்களுக்கு அது உலகத்தைத் திறந்துவிட்டிருக்கிறது. நானும் பயன்படுத்துகிறேன், அதைக் குறைத்துப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அங்கே கேட்பது கணினி, நான் அல்ல. திரையில் ஒரு பெயர் வருவதும், இரைச்சலுக்குள்ளிருந்து அதே பெயர் மெல்ல உருவாகி என் காதில் விழுவதும் எனக்கு இரண்டு வேறு நிகழ்ச்சிகள்.

மாமாவுக்குக் கடைசிக் காலத்தில் காது மங்கியது. முதலில் போனவை உயர்ந்த சுருதிகள். குறியின் சுருதியை 800-இலிருந்து 600-க்கும், பிறகு 400 ஹெர்ட்ஸுக்கும் இறக்கிக்கொண்டார். அதுவும் போனபோது, ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பின் மேல் விரல் நுனியை வைத்துக்கொண்டு மோர்ஸைப் படித்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுவேன், அவர் விரலால் கேட்டதைச் சொல்வார். அவர்தான் பெரும்பாலும் சரி. 1996-இல் காலமானார். இறந்த ஆபரேட்டரை எங்கள் உலகில் ‘சைலன்ட் கீ’ என்பார்கள். 1999 பிப்ரவரி 1 முதல், செயற்கைக்கோள் சார்ந்த புதிய ஏற்பாடு முழுமையாக நடைமுறைக்கு வந்து, கப்பல்களில் மோர்ஸ் காவலுக்குத் தேவையில்லாமல் போனது. அதைப் பார்க்க அவர் இல்லாமல் போனது நல்லதா என்று இன்னும் என்னால் முடிவுசெய்ய முடியவில்லை.

மாமி என்னைக் கூப்பிட்டு மூன்று பொருள்களைக் கொடுத்தார். கடிகாரம், கீ, கெட்டி அட்டை போட்ட ஒரு நோட்டு.

நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1974 நவம்பர் 15 அன்று ஏவிய ஆஸ்கர் 7 என்ற செயற்கைக்கோள் அமெச்சூர்கள் தாங்களே கட்டியது. 29 கிலோ எடை. பூமிக்கு மேலே சுமார் 1,450 கிலோமீட்டர் உயரத்தில் 115 நிமிடத்துக்கு ஒருமுறை உலகைச் சுற்றியது. 29.502 மெகாஹெர்ட்ஸில் அதன் பேட்டரி எப்படி இருக்கிறது, வெப்பம் எவ்வளவு என்பதையெல்லாம் மோர்ஸில் எண்களாக அனுப்பிக்கொண்டே போகும். எண்களின் ஒவ்வொரு தொகுப்பின் தொடக்கத்திலும் எச்.ஐ., எச்.ஐ. என்று அடிக்கும். ஹாம்களின் மொழியில் அது சிரிப்பு. எனக்கு 13 வயதில் அந்தச் சிரிப்பை மாமாவின் அறையில் கேட்டேன். அடிவானத்தில் எழும்போது சுருதி சற்று உயர்ந்திருக்கும், கடந்து போகப் போக மெல்ல இறங்கும், இருபது நிமிடத்தில் அந்தப் பக்கம் மூழ்கிவிடும். வேகம் காதுக்குத் தெரியும். மாமா ஒவ்வொரு கடத்தலையும் நோட்டில் எழுதுவார். தேதி, நேரம், ஒலியின் தரம், குறிப்பு.

1981-இன் நடுவில் ஆஸ்கர் 7 நின்றுபோனது. பேட்டரிகள் உள்ளே குறுக்கிணைந்து, சூரியத் தகடுகள் தரும் மின்சாரத்தையெல்லாம் விழுங்கிவிட்டன. மாமா விடவில்லை. அது வர வேண்டிய நேரத்தைக் கணக்கிட்டு உட்கார்ந்து கேட்டு, குறிப்பு எழுதும் இடத்தில் ‘இல்லை’ என்று எழுதினார். அடுத்த கடத்தலுக்கும் ‘இல்லை’. 43 முறை எழுதியிருக்கிறார். அதன் பிறகு நோட்டில் பக்கங்கள் வெறுமை.

2002 ஜூன் 21 அன்று பிரிட்டனில் ஒரு ஹாம், எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒரு குறியைக் கேட்டார். பழைய பாணி மோர்ஸ் எண்கள். ஆஸ்கர் 7. குறுக்கிணைந்திருந்த பேட்டரி 21 ஆண்டுகள் கழித்து முற்றிலும் அறுந்துபோய்விட்டது. அறுந்ததால் சூரியத் தகடுகளின் மின்சாரம் நேராகக் கருவிக்குப் போயிற்று. வெயில் படும்போது விழிக்கும், பூமியின் நிழலுக்குள் போனால் நின்றுவிடும். ஏவி அரை நூற்றாண்டு கடந்த பின்னும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது.

செய்தி தெரிந்ததும் 29.502-இல் உட்கார்ந்தேன். அதன் இரண்டு இயக்க முறைகளில் ஒன்றில் மட்டும்தான் அந்த அலைவரிசை பேசும். எப்போது எந்த முறையில் இருக்கும் என்பது நம் கையில் இல்லை. பல நாள் இரைச்சல் மட்டும். ஜூலையில் ஒரு விடியலில், ஹெட்போனை இரு கைகளாலும் அழுத்திக்கொண்டு கண்ணை மூடியிருந்தேன். கொசுவின் ரீங்காரம் போல ஏதோ ஒன்று இருப்பது போலவும் இல்லாதது போலவும் இருந்தது. பிறகு இருந்தது. டிட்டிட்டிட்டிட், டிட்டிட். டிட்டிட்டிட்டிட், டிட்டிட். சுருதி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

அது மூழ்கிய பிறகு நோட்டைத் திறந்தேன். கடைசி ‘இல்லை’க்குக் கீழே, வரி எதையும் விடாமல், தேதி போட்டு, நேரம் போட்டு, ஒலி 339 என்று எழுதினேன். குறிப்பு எழுதும் இடத்தில் ‘கேட்டது, மாமா’ என்று எழுதினேன்.